யாரை யார் காப்பாத்துனது?

நன்றி கெட்டவன்.

2023 ஆகஸ்ட் மாதம் மைக்கேல் ஓஹர் என்கிற கறுப்பருக்குக் கிடைத்த பட்டம் இது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரத்து நீதிமன்றத்தில் அவர் ஒரு மனுப் போட்டார். தன்னை மகனாகத் தத்தெடுத்ததாக ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்ட வெள்ளைக் குடும்பம் தன்னைத் தத்தெடுக்கவே இல்லை. தன் பேரில் காப்பாளர் அதிகாரத்தை மட்டும் சட்டப்படி வாங்கி வைத்திருக்கிறது. அதை ரத்து செய்ய வேண்டும், தன் பேரை வைத்துச் சம்பாதித்ததுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது மனு. உடனே ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவில் மட்டுமில்லை. முற்போக்கு பேசும் நண்பர் ஒருவர் என்னிடமே சொன்னார்: ‘சோறு போட்டு, துணிமணி எடுத்துக் குடுத்து, படிக்க வச்சவங்க மேலயே கேசு போட்டுட்டானே. வளத்த கடா மார்ல பாஞ்ச கதைதான்.’

கடா என்று அவர் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். கடாவை யாரும் மகனாக வளர்ப்பதில்லை. வெட்டுறதுக்கோ விக்கிறதுக்கோதான் வளர்க்கிறார்கள். பாய்ந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் வளர்த்தது எதற்கு என்பதையும் பேச வேண்டும்.

இந்த ஓஹரின் கதையை நீங்கள் படமாகப் பார்த்திருக்கலாம். ‘தி பிளைண்ட் சைட்’ என்று பெயர். மைக்கேல் லூயிஸ் 2006இல் எழுதிய புத்தகத்தை வைத்து 2009 நவம்பரில் வந்தது. உலகம் முழுக்க 30 கோடி டாலருக்கு மேல் வசூல். வெள்ளை வீட்டம்மா லீ ஆன் டூயியாக நடித்த சாண்ட்ரா புல்லக்குக்கு 2010இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர். நான் இதை ஒரு மாணவர் விடுதியில் நம்ம பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அழுதார்கள். நானும் அழுதேன், அதை மறைக்கப் போவதில்லை. படம் முடிந்ததும் ஒரு தம்பி கேட்டான்: ‘அண்ணே, நமக்கெல்லாம் இப்படி ஒருத்தங்க கெடைக்க மாட்டாங்களா?’

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்கு.

படத்தில் வரும் பையன் எப்படி இருக்கிறான் பாருங்கள். மலை மாதிரி உடம்பு. பேச்சு வராது. படிப்பு வராது. குளிரில் அரைக்கை சட்டையோடு நடந்து போகிறவனைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவருகிறாள் அந்த அம்மா. அவனுக்கு விளையாட்டும் தெரியாது. பயிற்சி நடக்கும்போது அவளே மைதானத்துக்குள் இறங்கி, கூட விளையாடுகிறவர்களை உன் குடும்பம் மாதிரி நினைத்துக் காப்பாற்று என்று சொல்லித் தருகிறாள். வீட்டுச் சின்னப் பயல் சாப்பாட்டு மேசையில் சாஸ் பாட்டில்களை நிறுத்தி வைத்து ஆட்டத்தின் வியூகங்களைப் புரியவைக்கிறான். பள்ளிக்கூடத்துச் சோதனையில் எல்லாவற்றிலும் அடிமட்டம். ‘பாதுகாக்கும் உள்ளுணர்வு’ என்பதில் மட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அதாவது மூளை இல்லை, விசுவாசம் உண்டு. இப்படி ஒரு குணச்சித்திரத்தை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்? பண்ணை வீட்டுக் கதைகளில் வரும் விசுவாசமான ஆள். அவனைத்தான் விளையாட்டு உடுப்புப் போட்டுத் திரையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

நிஜ ஓஹர் 2011இல் எழுதிய தன்வரலாற்றில் இதைத்தான் மறுக்கிறார். எனக்குப் புரியாத ஆட்டத்தை யாரோ புரியவைத்ததாகக் காட்டியது பொய், சின்ன வயசிலிருந்தே ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றவன் நான் என்கிறார். தொடர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் உட்காரக் கொடுத்துவைக்காத பிள்ளையாகக் காட்டாமல் மந்தப் பிள்ளையாகக் காட்டியதுதான் அவருக்கு வலித்திருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியும். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர். தாய்க்குப் போதைப் பழக்கம். அரசு அதிகாரிகள் வந்து பிள்ளைகளைப் பிரித்து வெவ்வேறு வளர்ப்பு வீடுகளில் விட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் மாறி மாறிப் போயிருக்கிறார். அந்த வயசில் எவன் படிப்பான்?

இன்னொன்று. டூயி குடும்பத்துக்கு முன்னாலேயே அவருக்குப் படுக்க இடம் கொடுத்த வீடுகள் இருந்தன. தன் மகனைக் கிறித்தவத் தனியார் பள்ளியில் சேர்க்கப் போனபோது ஓஹரையும் கூடவே கூட்டிப்போய் நின்றவர் ஒரு கறுப்புத் தகப்பன். அந்தக் கதவு திறந்தது அவரால்தான். படத்தில் அவர் ஆரம்பத்தில் வந்து காணாமல் போகிறார். இல்லாதவன் இல்லாதவனுக்குக் கஞ்சி ஊத்துனா அது கதையாகாது போலிருக்கு. இருக்கிறவன் ஊத்துனாத்தான் ஆஸ்கர்.

இனி அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வேலை தெரியாமல் இந்த அநியாயம் புரியாது.

பேர்தான் கால்பந்து, அமெரிக்கக் கால்பந்தில் காலால் உதைப்பது கொஞ்சம், தோளால் முட்டுவதுதான் அதிகம். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணியில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் இருப்பார். பந்தை எறிகிறவர், ஆட்டத்தை நடத்துகிறவர், சுவரொட்டியில் வருகிறவர். அவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். அவர்கள்தான் ஆஃபென்சிவ் லைன்மேன்கள். நம்மூர்ல லைன்மேன்னா கரண்டுக் கம்பத்துல ஏறுறவர். உயிரைப் பணயம் வைக்கிற வேலை, லைட் எரியாதப்ப மட்டும் அவர் ஞாபகம் வரும். அங்கேயும் கதை அதுதான். இந்த ஐந்து பேர் 50இலிருந்து 79 வரைக்கும் உள்ள எண் போட்ட உடுப்பில் நிற்பார்கள். சாதாரணமாக, முன்னால் எறியப்படும் பந்தை இவர்கள் பிடிக்கக் கூடாது, விதியே அப்படி. ஓடிவரும் எதிரணிக்காரர்களை உடம்பால் தடுத்து நிறுத்துவதுதான் வேலை. ஓடியவன் எத்தனை கஜம் ஓடினான், எறிந்தவன் எத்தனை எறிந்தான் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. தடுத்தவனுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. எதிரியைக் கையால் பிடித்து இழுத்துவிட்டான் என்று நடுவர் பத்து கஜம் தண்டனை கொடுக்கும்போது மட்டும் ஒலிபெருக்கியில் இவன் எண் கேட்கும்.

அந்த ஐந்து பேரில் இடது ஓரத்தில் நிற்பவர் இடது டேக்கிள். வலது கையால் எறிகிற குவார்ட்டர்பேக்குக்குத் திரும்பி நிற்கும்போது இடது முதுகுப்பக்கம் தெரியாது. அதுதான் அந்தக் குருட்டுப்பக்கம், படத்தின் தலைப்பு. 1985 நவம்பரில் ஜோ தைஸ்மன் என்ற குவார்ட்டர்பேக்கின் கால் தொலைக்காட்சி நேரலையில் முறிந்தது. முறித்தவர் லாரன்ஸ் டெய்லர். அந்த மாதிரி வேகத்தோடு வரும் ஆளை, பின்னால் காலை வைத்து நகர்ந்துகொண்டே, பிடிக்காமல், விழாமல், மூன்று நான்கு விநாடி தடுக்க வேண்டும். எதிரி தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, பக்கத்தில் நிற்பவன் யாரைப் பார்த்துக்கொள்கிறான், இரண்டு பேர் சேர்ந்து வந்தால் யாரை விட்டு யாரைப் பிடிப்பது என்று பந்து நகரும் முன்னமே கணக்குப் போட வேண்டும். இது சாஸ் பாட்டில் வைத்து ஒரு ராத்திரியில் கற்றுக்கொடுக்கிற சமாச்சாரமா? விசுவாசம் இருந்தால் வந்துவிடுமா? வேலை, தோழர்களே. வருஷக்கணக்கில் செய்து செய்து கைவந்த வேலை. ஆனால் உழைக்கிறவன் கையில் இருப்பது அறிவு என்று ஒத்துக்கொண்டால் பிறகு கூலி விஷயமும் பேச வேண்டி வருமே. அதனால் அதற்கு ‘இயல்பு’ என்றும் ‘உள்ளுணர்வு’ என்றும் பெயர் வைக்கிறார்கள்.

ஓஹர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் விளையாடினார். குற்றவியல் நீதி பாடத்தில் பட்டம் வாங்கினார். 2009இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே 23ஆவது ஆளாக எடுத்தது. ஐந்து வருஷத்துக்கு 1 கோடியே 38 லட்சம் டாலர் ஒப்பந்தம். அந்த ஐந்து வருஷத்தில் பருவ ஆட்டம் எண்பதில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. 2013 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் ரேவன்ஸ் 34க்கு 31 என்று சூப்பர் பவுலை வென்றபோது வரிசையில் நின்றார். பிறகு ஒரு வருஷம் டென்னசி டைட்டன்ஸ். அவர்கள் கழற்றிவிட்டதும் 2015இல் கரோலினா பேந்தர்ஸ், திரும்பவும் இடது ஓரம், 2016 பிப்ரவரியில் இன்னொரு சூப்பர் பவுல், அதில் தோல்வி. மொத்தம் எட்டு பருவம், 110 ஆட்டம். நூற்றுப்பத்திலும் முதல் விநாடியிலிருந்து களத்தில் நின்றவர்.

இவ்வளவுக்கும் நடுவில் எங்கே போனாலும் அவரைப் ‘படத்துல வந்த பையன்’ என்றுதான் பார்த்தார்கள். முதல் பருவம் ஆடிக்கொண்டிருக்கும்போதே படம் வந்துவிட்டது. அந்தப் படத்தால்தான் தன்னை வேறு மாதிரி பார்க்கிறார்கள், தன் திறமையைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று 2015இல் வாய்விட்டே சொன்னார். அப்போதும் சிலர் சொன்னது நன்றி கெட்டவன் என்பதுதான்.

இப்போது நீதிமன்றத்துக்கு வருவோம்.

2004இல் ஓஹருக்குப் பதினெட்டு வயது முடிந்தபோது டூயி தம்பதி நீதிமன்றத்தில் வாங்கியது தத்துப் பத்திரம் அல்ல, காப்பாளர் உத்தரவு. சாதாரணமாக, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நோயாளிக்கும் முதியவருக்கும் வாங்குவது. காப்பாளர்கள் சம்மதம் இல்லாமல் ஓஹர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. அவருக்கு உடலிலோ மனதிலோ குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்றும் அதே காகிதங்களில் இருக்கிறது. குறையில்லாத ஆளுக்கு எதுக்குய்யா காப்பாளர்?

பதிலை ஷான் டூயியே 2023இல் சொல்லிவிட்டார். கணவன் மனைவி இருவருமே மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், அதன் விளையாட்டுக்குப் புரவலர்கள். புரவலர்கள் ஆட்டக்காரப் பையனுக்குப் பணமோ வீடோ கொடுப்பதைக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி அன்றைக்குத் தடுத்தது. பையன் குடும்பத்து ஆள் என்றால் தடை இல்லை. அதற்காகத்தான் அந்தக் காகிதம் என்கிறார். பதினெட்டு முடிந்தவரைத் தத்தெடுக்க முடியாது என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாம். டென்னசி சட்டத்தில் வயது வந்தவரையும் தத்தெடுக்க இடம் இருக்கிறது. ஆக அவர்கள் வாய்மொழியையே எடுத்துக்கொண்டாலும், அந்த உறவுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது பையன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆட வேண்டும் என்பதற்காக.

‘அவனே 2011ல எழுதுன புத்தகத்துல காப்பாளர்னுதான எழுதியிருக்கான், தெரியாதுன்னு இப்ப எப்படிச் சொல்லலாம்?’ என்று கேட்கிறார்கள். சரியான கேள்விதான். எழுதியிருக்கிறார். தத்துப் பெற்றோர் என்பதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தனக்கு விளக்கிச் சொன்னார்கள் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறார். காகிதத்தில் எழுதியிருப்பதற்கு அர்த்தம் சொல்கிற அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதுதான் விஷயம். கைநாட்டு வாங்கிக்கொண்டு ‘ஒண்ணுமில்ல, சும்மா ஒரு பேப்பர்தான்’ என்று சொன்ன வாய்களை நம் பாட்டன்மாருக்கும் தெரியும்.

2023 செப்டம்பரில் அந்தக் காப்பாளர் உத்தரவை நீதிபதி ரத்து செய்தார். டூயி தரப்பும் ரத்துக்குச் சம்மதித்தது. ஊனமில்லாத ஒருவர் பேரில் இப்படி ஒரு ஏற்பாட்டைத் தன் 43 வருஷத் தொழில் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்று அந்த நீதிபதி சொன்னார். ஓஹருக்கு அப்போது வயது 37. பத்தொன்பது வருஷம்.

பணத்தைப் பொறுத்தவரை ஓஹர் ஒன்று சொல்கிறார், டூயி குடும்பம் வேறு சொல்கிறது. எல்லோருக்கும் சமமாகப் பிரித்தோம், இவர்தான் மிரட்டிப் பணம் கேட்டார் என்பது அவர்கள் வாதம். யார் பேச்சு உண்மை என்று தீர்ப்பெழுத நான் உட்காரவில்லை. அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 2023 நவம்பரில் அவர்கள் நீதிமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி படத்திலிருந்து ஓஹருக்குப் போனது சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம் டாலர். படம் வசூலித்தது 30 கோடிக்கு மேல். தன் உடம்பை விற்றபோது ஐந்து வருஷத்துக்கு 1 கோடியே 38 லட்சம் கேட்டு வாங்க அவரால் முடிந்தது. தன் கதை விற்கப்பட்டபோது அதில் நூறில் ஒரு பங்குதான் வந்தது. உடம்பைப் பேரம் பேச அவருக்கு ஓர் ஏஜெண்டும் பின்னால் ஒரு சங்கமும் இருந்தார்கள். கதையைப் பேரம் பேசும்போது அவர் பக்கம் யார் நின்றார்கள்?

வாழ்நாள் முழுக்கத் தெரியாத பக்கத்தில் நின்று இன்னொருவனைக் காப்பாற்றுவதே தொழிலாக வைத்திருந்தவர் ஓஹர். அவருக்கே ஒரு காப்பாளர். யாரை யார் காப்பாத்துனது என்று கேட்க வேண்டாமா?

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் இல்லை. கறுப்பன் உடம்பு வலுவானது, மூளை குறைவானது என்கிற பொதுப்புத்தியின் மேல்தான் இந்த ஆட்டமே நடந்துவந்திருக்கிறது. 1934இலிருந்து 1945 வரை என்.எஃப்.எல். லீக்கில் ஒரு கறுப்பர்கூடக் கிடையாது. 1946இல்தான் கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் உள்ளே வந்தார்கள். உள்ளே விட்ட பிறகும், யோசித்து ஆட வேண்டிய நடு இடங்கள் என்று குவார்ட்டர்பேக், சென்டர், கார்டு இடங்களை வெள்ளையருக்கு வைத்துக்கொண்டு ஓட வேண்டிய ஓர இடங்களில் கறுப்பரைக் குவித்தார்கள். சமூகவியலாளர்கள் 1970லேயே இதைக் கணக்கெடுத்துக் காட்டினார்கள். நம் ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. எந்த வேலை யாருக்கு என்று பிரித்துவிட்டு, பிறகு அந்தப் பிரிவினையையே குணமாகக் காட்டுவது வேறு எங்கும் நடக்காத அதிசயமா என்ன?

இதன் கோரமான முகம் மூளை உடைந்த பிறகு தெரிந்தது. லைன்மேன்களின் தலை ஆட்டத்துக்கு ஆட்டம், அனேகமாக ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் மோதுகிறது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு நடுவில் நின்ற மைக் வெப்ஸ்டர் வெள்ளையர்தான். 2002இல் ஐம்பது வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் ஞாபகம் போய், தன் வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்தவர். அவர் மூளையை ஆராய்ந்து சி.டி.இ. என்ற சிதைவு நோயைக் கண்டவர் நைஜீரியாவிலிருந்து வந்த கறுப்பு மருத்துவர் பென்னட் ஒமாலு. 2005இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி லீக்கின் மருத்துவர்கள் கடிதம் எழுதினார்கள்.

கடைசியில் ஆயிரக்கணக்கான பழைய ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டு, நீதிமன்றம் 2015இல் இழப்பீட்டு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்துக்குள் என்ன இருந்தது தெரியுமா? மூளை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சோதிக்கும்போது ஆளின் இனத்தைப் பார்த்து மதிப்பெண்ணைத் திருத்திக்கொள்ளலாம். கறுப்பருக்குத் தொடக்கத்திலேயே அறிவுத்திறன் குறைவு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். அதாவது, ஒரே மதிப்பெண் வாங்கிய வெள்ளையருக்கு இழப்பீடு, கறுப்பருக்கு ‘ஒனக்கு முன்னாடியே அவ்வளவுதான்’ என்ற பதில். கெவின் ஹென்றி, நஜே டாவன்போர்ட் என்ற இரண்டு கறுப்பு ஆட்டக்காரர்கள் 2020இல் வழக்குப் போட்ட பிறகுதான் ஊருக்கு வெளிச்சமானது. கட்டாயமில்லை, மருத்துவர் விருப்பம்தான் என்று லீக் சமாளித்தது. 2021 ஜூனில் கைவிடுவதாகச் சொன்னது. 2022 மார்ச்சில் நீதிமன்றம் மாற்றத்தை ஏற்றது. பழைய சோதனைகளை இனக் கணக்கு இல்லாமல் திரும்ப மதிப்பிட வழி வந்தது.

சாஸ் பாட்டில் காட்சிக்கும் இந்த மதிப்பெண் திருத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ரெண்டும் ஒண்ணுதான். திரையில் அவனுக்கு மூளை இல்லை என்று காட்டினால் நாம் கண்ணீர் விடுகிறோம். சோதனைச் சாலையில் அதையே காகிதத்தில் எழுதினால் அவன் பணம் போகிறது.

ஓஹருக்கும் தலையில் அடிபட்டது. 2016 பருவத்தில் மூன்று ஆட்டத்தோடு நின்றது. 2017 ஜூலையில் உடல் தகுதி இல்லை என்று பேந்தர்ஸ் அனுப்பிவிட்டது. வயது 31. படம் இதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

‘அப்ப டூயி குடும்பம் இல்லாம அவன் கோடீஸ்வரன் ஆயிருப்பானா?’ என்று நண்பர் கேட்டார். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: இடது டேக்கிளுக்குக் கோடிக்கணக்கில் கூலி எப்போது வந்தது? யாரால் வந்தது?

ஜீன் அப்ஷா என்று ஒருவர். டெக்சாஸில் ராப்ஸ்டவுன் என்ற சின்ன ஊர். சின்ன வயசில் பருத்தி பறித்த கறுப்புப் பிள்ளை. ஓக்லண்ட் ரைடர்ஸ் அணிக்கு 1967இலிருந்து 1981 வரை கார்டு. வெள்ளையனுக்கென்று வைத்திருந்த அந்த ‘யோசிக்கிற’ இடத்தில் நின்றவர். மூன்று வெவ்வேறு பத்தாண்டுகளில் சூப்பர் பவுல் ஆடினார், இரண்டில் வெற்றி. 1983இல் ஆட்டக்காரர் சங்கத்தின் செயல் இயக்குநர் ஆனார். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் தன் இஷ்டத்துக்கு வேறு அணிக்குப் போக முடியாது. பழைய முதலாளியின் பிடி விடாது. பண்ணையம் மாதிரி. 1987இல் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. முதலாளிகள் மாற்று ஆட்களை இறக்கி ஆட்டத்தை நடத்தினார்கள். 24 நாளில் வேலைநிறுத்தம் உடைந்தது. அப்ஷா விடவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு நடத்த வசதியாக, தொழிற்சங்கம் என்ற சட்டத் தகுதியையே 1989இல் விட்டுக்கொடுத்தார்கள். 1992இல் ஜூரி தீர்ப்பு, 1993இல் உடன்பாடு. ஆட்டக்காரன் தன் உழைப்பைத் தானே விலைபேசும் உரிமை அப்போதுதான் வந்தது. அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத இடது டேக்கிளின் கூலி அதற்குப் பிறகுதான் ஏறியது. ஓஹர் வாங்கிய ஒவ்வொரு டாலரிலும் அந்த வேலைநிறுத்தம் இருக்கிறது.

அப்ஷாவைத் தெய்வமாக்கச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற, உடம்பு உடைந்த பழைய ஆட்டக்காரர்களை அவர் கைவிட்டுவிட்டார் என்று கடைசிவரை குற்றச்சாட்டு இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. 2008இல் அவர் இறந்தார். ஆனால் நான் கேட்பது இதுதான்: அப்ஷாவின் கதை ஏன் 30 கோடி வசூலிக்கும் கண்ணீர்ப் படமாகவில்லை? அதில் யாரும் யாருக்கும் சோறு போடவில்லை. அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போக அதில் வசதி இல்லை.

ஓஹரின் ஊரான மெம்ஃபிஸுக்கே இன்னொரு கதை உண்டு. 1968 பிப்ரவரியில் குப்பை லாரிக்குள் நசுங்கி இரண்டு கறுப்புத் துப்புரவுத் தொழிலாளிகள் செத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, நான் மனிதன் என்று அட்டை பிடித்து வீதியில் நடந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங்கை ஏப்ரல் 4ஆம் தேதி சுட்டுக் கொன்றது அந்த ஊரில்தான். மெம்ஃபிஸ் கறுப்பர்கள் கார் வந்து நிற்கும் என்று காத்திருந்தவர்கள் அல்ல.

அமெரிக்காக்காரன் விளையாட்டுக்கு நமது பத்திரிகையில் இத்தனை பக்கம் எதற்கு என்று சிலர் முணுமுணுக்கலாம். 1946இல் அம்பேத்கர் கறுப்பு அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் நம் இளைஞர்கள் பிளாக் பேந்தர் பெயரை எடுத்துத் தலித் பேந்தர் என்று வைத்துக்கொண்டார்கள். நாம் கறுப்பர்களிடம் வாங்கியது அந்தப் பெயரும் அந்தக் கோபமும். இப்போது சினிமா வழியாக நம் பிள்ளைகளுக்கு வந்து சேர்வது இன்னொரு கறுப்பன்: குனிந்து நிற்கிறவன், கொடுத்ததை வாங்கிக்கொள்கிறவன், கேட்காதவன். எந்தக் கறுப்பன் நம் விடுதிச் சுவரில் இருக்க வேண்டும் என்பது நம் பிரச்சினை.

கருணை கெட்டது என்று நான் சொல்லவில்லை. பசித்தவனுக்குச் சோறு போட்டதை எந்த மடையனும் குறை சொல்ல மாட்டான். அந்த வீட்டில் ஓஹருக்குக் கிடைத்த கட்டிலும் புத்தகமும் பொய்யில்லை. அவருக்கு அவர்கள்மேல் பாசம் இருந்ததும் பொய்யில்லை. அவர் எழுதியதைப் படித்தால் தெரியும். ஆனால் போட்ட சோற்றுக்குப் பதிலாக ஒருவனின் கையெழுத்தையும் கதையையும் வேலையையும் அறிவையும் எடுத்துக்கொண்டால், அதற்குப் பெயர் கருணை அல்ல. கணக்கு. கணக்கென்றால் இரண்டு பக்கமும் பார்க்கத்தான் வேண்டும். கேட்டவனை நன்றி கெட்டவன் என்கிற வாய், கணக்கு நோட்டை மூடி வைக்கிற கை.

தம்பி, உனக்குப் பதில் சொல்ல இத்தனை நாளாகிவிட்டது. இப்படி ஒருத்தங்க கெடைக்க மாட்டாங்களான்னு கேட்டியே. கெடைப்பாங்க. நீ நல்லா ஓடுனா, நல்லாப் பாடுனா, நல்ல மார்க் வாங்குனா ஒருநாள் யாராச்சும் கார நிறுத்துவாங்க. ஏறாதேன்னு சொல்ல மாட்டேன். மழை பெய்யும்போது ஏறித்தான் ஆகணும். ஆனா நீட்டுற பேப்பர முழுசாப் படி. புரியலன்னா நம்ம ஆளுக நாலு பேருகிட்டக் காட்டு. உன் கதைய நீயே எழுது. இருவது வருஷம் கழிச்சாவது கணக்குக் கேக்கணும்னு தோணுச்சுன்னா கேளு. நன்றி கெட்டவன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும்.